ஏழு வயதுப் பையன் தீக்குச்சி கிழிக்கலாமா?

மேடவாக்கம் மல்லி:

பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நாலு. மூன்றாவது மாடியில் அபார்ட்மெண்ட். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த வருடம் மத்தாப்பை நானேதான் கொளுத்துவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மாமனார், "எட்டு வயசில் நான் விறகடுப்பே பற்றவைத்தேன், கொடு அவன் கையில்" என்கிறார். வீட்டுக்காரர், "பதினஞ்சு வயசு வரைக்கும் தீப்பெட்டியைக் கண்ணிலேயே காட்டாதே" என்கிறார்.

பட்டாசு ஒரு நாள் கூத்து. அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்தி, சார்ஜர் எல்லாம் வருடம் முழுக்க வீட்டில் இருக்கிறவை. "தொட்டா சுட்டுடும்" என்பதைத் தாண்டிப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறீர்கள்? எந்த வயதில் எதைச் சொல்வது? பயமுறுத்தாமல் சொல்ல முடியுமா?

ஈரோட்டுக் குமரவேல்:

நான் மாமனார் கட்சி. எங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளை காலையில் எழுந்து சருகைச் செருகி, ஊதாங்குழலால் ஊதி, வெந்நீர் போட்டுவிடும். தீயோடு பழகின பிள்ளை தீயிடம் மரியாதையாக இருக்கும். இப்போதுள்ள பிள்ளைகள் நெருப்பைப் பார்ப்பதே பிறந்தநாள் கேக்கில்தான்.

சாந்தி புதுகை:

அண்ணே, அந்தப் பழகின பிள்ளைகள் இருந்த ஊர்களில்தான் கோடைக்குக் கோடை கூரை வீடுகள் தெருவோடு எரிந்தன. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிகப்பு வண்டி:

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் வேண்டாம். மல்லி அம்மா, தீக்குச்சிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி. உங்கள் பையன் விளையாட்டாக எதையோ கொளுத்தி, ஜன்னல் திரையில் ஓரம் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். ஓடிவந்து உங்களிடம் சொல்வானா, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வானா?

இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. வீட்டுத் தீ என்று போனால், பிள்ளையைக் காணோம் என்று வாசலில் தாய் அலறிக்கொண்டிருந்தால், நாங்கள் முதலில் தேடுகிற இடங்கள் கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்பக்கம், துணி அலமாரிக்குள், குளியலறை. பெரியவர்கள் வாசலைப் பார்த்து ஓடுவார்கள். சின்னப் பிள்ளை ஒளியும். அடி விழும்போது எங்கே ஒளியுமோ அதே இடத்தில் ஒளியும். கண்ணை மூடிக்கொண்டால் தீ தன்னைப் பார்க்காது என்கிற கணக்கு அதற்கு. அதிலும் தானே பற்றவைத்த தீ என்றால் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது.

அதனால் முதல் பாடம் தீக்குச்சி இல்லை. "என்ன எரிந்தாலும், யார் கொளுத்தியிருந்தாலும், உடனே வெளியே ஓடி வந்து சத்தம் போட்டுச் சொல்லு. யார் பண்ணினது என்று கேட்கவே மாட்டோம்." இதைச் சாதாரண நாளில், சாப்பாட்டு நேரத்தில், மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். பையன் ஊதுபத்தியால் காகிதத்தில் ஓட்டை போட்டதற்கு முதுகில் நாலு வைத்தீர்கள் என்றால், சொன்னதெல்லாம் அத்தோடு போச்சு.

இன்னொன்று. நாங்கள் உள்ளே வருவது தலைக்கவசமும் முகமூடியும் முதுகில் காற்று உருளையுமாக. மூச்சு விடுகிற சத்தமே உஸ் உஸ்ஸென்று கேட்கும். புகைக்குள் அந்த உருவத்தைப் பார்த்தால் பிள்ளை இன்னும் உள்ளே ஒடுங்கும். ஒரு படத்தைக் காட்டி, "இவர் நம்மைத் தூக்கிப்போக வருகிற மாமா, இவரைக் கண்டால் கையை ஆட்டிக் கத்தணும்" என்று சொல்லி வையுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது தீயணைக்கப் போய் இறந்தவர்கள் நினைவாக நடப்பது. அந்த வாரம் பக்கத்து நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முகமூடி, குழாய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுவார்கள். தலைக்கவசத்தையும் தலையில் மாட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு அது பூதம் இல்லை.

பல்லாவரம் பாலாஜி:

சார், திட்டவே மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் விட்டுப்போகாதா? அப்புறம் தினமும் ஒன்றைக் கொளுத்திவிட்டு "அப்பா, எரியுது" என்று வந்து நிற்பான்.

சிகப்பு வண்டி:

எரியும்போது திட்டாதீர்கள் என்கிறேன். மறுநாள் உட்காரவைத்துப் பேசுங்கள், தீப்பெட்டியைப் பூட்டுங்கள், வேண்டிய கண்டிப்பைக் காட்டுங்கள். பிள்ளைக்குத் தீயிடம் பயம் இருக்கட்டும். உங்களிடம் பயம் இருந்தால்தான் ஆபத்து. ஐந்து நிமிடம் முன்னால் தெரிந்தால் ஒரு வாளித் தண்ணீரோடு போகிற விஷயம் அது.

இரவு ஷிஃப்ட்:

தீக்காய வார்டில் செவிலியர். எல்லாரும் தீ, தீ என்கிறீர்கள். எங்களிடம் வருகிற ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் தீயால் வருவதில்லை. வெந்நீர், சாம்பார், ரசம், பால், டீ. குளிக்க வாளியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போவார்கள். அதற்குள் தவழுகிற பிள்ளை வாளியைப் பிடித்து எழுந்து நிற்கும். விசேஷ வீடுகளில் ரசப் பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைப்பார்கள், ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளை பின்பக்கமாக அதில் உட்காரும். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் ஐந்து நொடியில் ஆழமான புண். பிள்ளைத் தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் அதன்மேல். வாளியில் ஹீட்டர் ராடு போடுகிறவர்கள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

நாலு வயதுப் பெண்ணுக்கு அடுப்பைப் பற்றி என்ன சொல்லலாம் என்றால், ஒரு கோடு. அடுப்பு மேடைக்கு முன்னால் மூன்று அடி தள்ளிச் சாக்பீஸாலோ கலர் டேப்பாலோ ஒரு கோடு போடுங்கள். அடுப்பு எரியும்போது அந்தக் கோட்டுக்குள் வரக்கூடாது. "ஜாக்கிரதையா இரு" என்றால் அந்த வயதில் ஒன்றும் புரியாது. கோடு புரியும். ஒரு வாரத்தில் நீங்கள் கோட்டைத் தாண்டினால் அவளே உங்களை அதட்டுவாள்.

குரோம்பேட்டை ரமா:

சின்னச் சூடு பட்டால் உடனே டூத் பேஸ்ட் தடவச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜில்லென்று இருக்கும், கொப்பளம் வராது. எங்கள் அம்மா இட்லி மாவு தடவுவார். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

இரவு ஷிஃப்ட்:

ரமாம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க், காபித்தூள், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். பூசுகிறவையெல்லாம் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், கிருமிக்கும் வழி விடும். நாங்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காயத்தையே பார்க்க முடியும். அந்த நேரத்தில் பிள்ளை போடுகிற சத்தத்தைக் கேட்டால் நீங்கள் பேஸ்ட்டைப் பல்லுக்குக்கூட எடுக்கமாட்டீர்கள்.

குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம். ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிடுவதில் பயன் இல்லை. வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான வேட்டித் துண்டால் லேசாக மூடிக்கொண்டு வாருங்கள். பெரிய காயம் என்றால் தண்ணீர் விடும்போதே ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். காயத்தில் மட்டும் தண்ணீர், மற்ற உடம்பு போர்வைக்குள். சின்னப் பிள்ளைக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சுட்டால் குழாய்." எங்கள் வீட்டில் அவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாசுகி டீச்சர்:

தஞ்சை மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2004 ஜூலை 16-க்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் இந்தப் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். சத்துணவுச் சமையலிலிருந்து பிடித்த தீ, மாடியில் ஓலைக்கூரை, குறுகலான படி. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கூரைக் கொட்டகையே கூடாது என்று ஆனது. கட்டடம் மாறிவிட்டது, சரி. பிள்ளைக்கு வெளியே வரத் தெரியுமா என்று வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன், வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒரு போர்வையை இரண்டு பக்கமும் பிடித்து இடுப்பு உயரத்தில் விரித்துக்கொள்ளுங்கள். போர்வைதான் புகை. பிள்ளை அதில் தலை இடிக்காமல் முட்டி போட்டுத் தவழ்ந்து கதவு வரைக்கும் போக வேண்டும். தலை பட்டால் அவுட். புகை மேலே நிற்கும், நல்ல காற்று தரையோரம் இருக்கும் என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, இரண்டு முறை தவழ்ந்தால் ஏறிவிடும். அடுத்தது மூடின கதவு. திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கக்கூடாது, ஜன்னலுக்குப் போய்த் துணியை ஆட்டிக் கத்த வேண்டும்.

துணியில் தீப்பிடித்தால் "நில், படு, உருள்". முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு உருள வேண்டும். ஆனால் இதில் ஒரு சங்கடம். சின்னப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் உருளும். விரலில் சூடு பட்டால் உருளும். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொரு பிள்ளையின் பிறந்தநாளில் கேக்கில் மெழுகுவர்த்தியைக் கண்டதும் விழுந்து உருண்டு, சட்டையெல்லாம் மண்ணாகி, அவன் பாட்டி என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "உன் சட்டையில் எரிந்தால் மட்டும்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொம்மைக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி, எது உருள வேண்டும், எது குழாய்க்குப் போக வேண்டும், எது வெளியே ஓட வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள்.

அப்புறம் போன். 101 தீயணைப்பு, 112 எல்லாவற்றுக்கும். எண்ணைப் பிள்ளைகள் ஒப்பித்துவிடும். விலாசம் கேட்டால் "எங்க வீடு" என்று சொல்லும். "எங்கே இருக்கு?" "பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில." நம் ஊரில் மூன்றாவது குறுக்குத் தெரு இல்லாத பகுதியே கிடையாது. தெருப் பெயரோடு பக்கத்தில் இருக்கிற கோயில், தண்ணீர் டேங்க், ரேஷன் கடை ஒன்றையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கக்கூடாது. பூட்டின போனிலும் அவசர அழைப்பு போகும் என்பது பாதிப் பெற்றோருக்கே தெரியாது, உங்கள் போனில் எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டி வையுங்கள். அதைச் செய்வதும் வெளியே வந்த பிறகுதான். உள்ளே நின்றுகொண்டு போன் தேடக்கூடாது.

பல்லாவரம் பாலாஜி:

டீச்சர், அருமை. கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல்லி என் பெண்ணுக்குப் பழக்கியிருக்கிறேன். பத்து வயது, கரெக்டாகச் செய்கிறாள்.

அடுப்பு ரிப்பேர் அன்பு:

ஐயோ சார், அந்த ஃபேனை இன்றைக்கே மறக்கச் சொல்லுங்கள். சுவிட்சைப் போடும்போது உள்ளே ஒரு பொறி வரும், கேஸ் நிரம்பின அறைக்கு அது போதும். போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. காலிங் பெல், செல்போன் எதுவும் அங்கே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிட கனம். மேலே போகாது, தரையோடு படுத்துப் பரவும். ஜன்னலைவிட பால்கனிக் கதவும் வாசல் கதவும் திறந்தால்தான் வெளியேறும்.

பிள்ளைக்கு வாடை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் இல்லையா? கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். சிலிண்டர் மாற்றும்போது ஒரு நொடி லேசாக வீசும். அப்போது பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுதான் அந்த வாடை, இது வந்தால் எதையும் தொடாமல் வெளியே போய் எங்களைக் கூப்பிடு" என்று சொல்லிவிடுங்கள். பத்து வயதுக்கு அது போதும். ரெகுலேட்டரை மூடுவது பெரியவர்கள் வேலை. 1906 கேஸ் கசிவுக்கான எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். அதையும் வெளியே நின்றுதான் அடிக்க வேண்டும்.

சிலிண்டர் வாயில் நூல் கட்டி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி தொங்கும். பெரும்பாலான வீட்டில் அதை அறுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் பிள்ளை விளையாட எடுத்துக்கொள்ளும். ரெகுலேட்டரைக் கழற்றின பிறகும் வால்வு கசிந்தால் அந்த மூடியைப் போட்டு அமுக்கினால் கேஸ் நின்றுவிடும். அந்த இரண்டு ரூபாய் பெறாத மூடி இருந்த வீட்டில் நான் நிம்மதியாக வேலை பார்த்திருக்கிறேன், இல்லாத வீட்டில் ஓடியிருக்கிறேன்.

படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு விளையாட்டு. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்குகிற பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். பி-27 என்றிருந்தால் 2027 ஜூனோடு அந்த சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சிலிண்டர் வரும்போது படித்துச் சொல்கிற வேலையைப் பையனிடம் கொடுங்கள். தேதி தாண்டினது வந்தால் அவன் விடமாட்டான், டெலிவரி அண்ணனும் அவனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆரஞ்சு நிற ட்யூப் மீதும் வருடம் அச்சடித்திருக்கும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ஸ்கார்பரோ நந்தன்:

டொராண்டோவில் இருந்து. இங்கே ஒன்டாரியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கட ஆக்கள் வீடுகளில் என்ன நடக்கும் தெரியுமோ? குசினியில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்தவுடன் அது கத்தத் தொடங்கும். அம்மா ஒரு துவாயை விசுக்குவா, பிறகு பொறுமை கெட்டு பற்றரியைக் கழற்றிப் போடுவா. பிள்ளை என்ன படிக்குது? அலாரம் அடிச்சால் சமையல் நடக்குது எண்டு. பள்ளிக்கூடத்தில் அலாரம் கேட்டால் ஓடு எண்டு சொல்லிக் குடுக்கினம், வீட்டில் அதைக் கணக்கெடுக்காதே எண்டு நாங்களே பழக்கிறம். ஊரில் இப்ப புதுசாக அலாரம் பூட்டுறவை, அடுப்புக்கு மேலே பூட்டாமல் தள்ளி நடைபாதையில் பூட்டுங்கோ.

சாந்தி புதுகை:

எல்லாரும் தீபாவளி என்கிறீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்குவது கார்த்திகைதான். தீபாவளிக்குப் பெரியவர்கள் கூடவே நிற்பார்கள், வாளியில் தண்ணீர் இருக்கும். கார்த்திகைக்கு வாசல், படி, மாடிச் சுவர் என்று வரிசையாக அகல் ஏற்றிவிட்டு உள்ளே போய் டிவி பார்ப்போம். விளக்கெல்லாம் தரையில். பெண் பிள்ளைகள் பாவாடை தரையைக் கூட்ட அதற்கு நடுவே ஓடும். பின்பக்கம் பிடித்தால் அதற்குத் தெரியக்கூடச் செய்யாது. நான் அன்றைக்கு என் பெண்களுக்குப் பருத்திச் சுடிதார்தான், துப்பட்டா கிடையாது. பட்டுப்பாவாடை எல்லாம் மறுநாள் கோயிலுக்கு. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பூஜை அலமாரியில் விளக்கு எரியவிட்டு ஊருக்குப் போகிற வழக்கத்தையும் விடுங்கள். எண்ணெய்த் திரி என்றால் எலிக்கு உயிர். எரிகிற திரியை இழுத்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் போகும். கிளம்பும்போது விளக்கைக் குளிரவைக்கிற வேலை எங்கள் வீட்டில் சின்னவளுடையது. பூவால் அமர்த்திவிட்டு, "குளிரவைச்சாச்சு" என்று அறிவித்தால்தான் வீட்டைப் பூட்டுவோம்.

மேடவாக்கம் மல்லி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிகப்பு வண்டி சார், ஒரு சந்தேகம். ராத்திரி பத்து மணிக்கு எங்கள் வாசல் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். திருட்டுப் பயம். பால்கனியிலும் முழுக்கக் கம்பி. தவழ்ந்து வாசல் வரைக்கும் வந்த பிள்ளை அங்கே என்ன செய்யும்?

சிகப்பு வண்டி:

இதைத்தான் கேட்கமாட்டீர்களா என்று காத்திருந்தேன். நம் ஊர் வீடுகளில் திருடன் உள்ளே வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு பாதி நேரம் நம்மையே உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் தீப்பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். புகையில் மூச்சு முட்டி. வண்டியை வாசல் வழியில் நிறுத்தினால், தீ பிடிக்கிற இடமும் தப்பிக்கிற வழியும் ஒன்றாகிவிடும். ராத்திரி முழுக்க சார்ஜில் போட வேண்டாம், வாசல் நடையிலும் மாடிப்படிக்கு அடியிலும் போடவே வேண்டாம்.

சாவிக்கு வழி இருக்கிறது. கேட்டுக்கு உள்பக்கம், வெளியில் இருந்து கம்பி வழியாகக் கைவிட்டாலும் எட்டாத தூரத்தில், ஏழு வயதுப் பையனுக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில் அந்த ஒரு சாவி மட்டும். கொத்துச் சாவி மாட்டாதீர்கள், இருட்டில் எது என்று தேட முடியாது. அதை எடுத்து யாரும் வேறு எங்கும் வைக்கக்கூடாது. பையனை ஒருநாள் லைட்டை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பூட்டுக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருடம் ஆனது என்பது அப்போது தெரியும். பால்கனிக் கம்பியிலும் ஒரு சதுரத்தைக் கதவாக வெட்டிக் கீல் வைத்துத் தருவார்கள், வெல்டிங் கடையில் கேளுங்கள்.

வெளியே வந்ததும் எல்லாரும் சேர்கிற இடம் ஒன்று வேண்டும். வேப்பமரமோ செக்யூரிட்டி அறையோ. "பாப்பா உள்ளே இருக்கா?" என்று தெரியாமல் திரும்ப உள்ளே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வது. பொம்மைக்காகவும் நாய்க்குட்டிக்காகவும்கூடத் திரும்பக் கூடாது என்று பிள்ளையிடம் பெயர் சொல்லியே சொல்லுங்கள். லிஃப்ட் வேண்டாம், படிதான்.

ஈரோட்டுக் குமரவேல்:

எல்லாம் சரி சார், தீக்குச்சிக்கு வாங்க. தலைப்பே அதுதானே?

சிகப்பு வண்டி:

வருகிறேன் ஐயா. ஐந்து ஆறு வயது வரைக்கும் ஒரே பாடம்: தீப்பெட்டி, லைட்டர் கண்டால் தொடாதே, பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டு. வீட்டில் அவற்றைப் பூட்டியும் வைக்க வேண்டும், பிள்ளையின் வாக்கை நம்பிக்கொண்டு மேஜையில் போட்டு வைக்காதீர்கள். ஏழு வயதில் கிழிக்கக் கற்றுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த வயதில் கற்றதைத் தனியாக ஒரு தடவை செய்து பார்க்கத்தான் தோன்றும், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காட்டவும் தோன்றும்.

வாசுகி டீச்சர்:

இந்த இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை சார். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் நாலரை மணிக்குப் பிள்ளை தனியாக வந்து கதவைத் திறக்கிறது. பசிக்கும். ஒன்பது பத்து வயதில் அது நூடுல்ஸ் வைக்க அடுப்பைப் பற்றவைக்கத்தான் போகிறது, நீங்கள் சொல்லிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். எட்டு வயதில் நம் கண்முன்னால் ஒழுங்காகக் கற்கட்டும் என்கிறேன். பெட்டியை மூடிவிட்டு உரச வேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாக உரச வேண்டும், குச்சியின் தலையைக் கீழே சாய்த்தால் சுடர் விரலைத் தேடி ஏறும், எரிந்த குச்சி தண்ணீர்க் கிண்ணத்துக்குள். பூஜை விளக்கு ஏற்ற மட்டும், பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். தனியாக இருக்கிற நேரத்தில் அடுப்பே கூடாது, ஃபிளாஸ்க்கில் பாலும் டப்பாவில் பொரியும் வைத்துவிட்டுப் போகட்டும். பெண் பிள்ளைக்கு மட்டும் அடுப்பு, பையனுக்கு மத்தாப்பு என்று பிரிப்பதையும் நிறுத்த வேண்டும்.

வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதையும் இதே வயதில் காதில் போட்டு வைக்கலாம். குபீரென்று கூரை வரைக்கும் எழும்பும். மூடியைப் பக்கவாட்டில் இருந்து நகர்த்தி மூடி அடுப்பை அணைப்பது பெரியவர் செய்ய வேண்டியது. பிள்ளை கத்திவிட்டு விலகினால் போதும்.

சிகப்பு வண்டி:

எட்டு வயது, கண்முன்னால், விளக்குக்கு மட்டும் என்றால் நான் சண்டை போடவில்லை டீச்சர். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நமக்குள் ஒரு வருடத் தகராறுதான்.

இரவு ஷிஃப்ட்:

மத்தாப்பைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், அந்த வாரம் எனக்கு லீவே கிடையாது. கம்பி மத்தாப்பைச் சாதுவானது என்று இரண்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கிறார்கள். எரிகிற இடத்தில் 1000 டிகிரி. அணைந்த பிறகும் கம்பி பழுக்கக் காய்ந்திருக்கும், அதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள், அடுத்த பிள்ளை வெறுங்காலால் மிதிக்கும். எரிந்த கம்பி நேராகத் தண்ணீர் வாளிக்குள், காலில் செருப்பு போதாது, ஷூ வேண்டும். ஒருவர் மத்தாப்பில் இன்னொருவர் பற்றவைப்பது வேண்டாம். புஸ்வாணத்துக்கு மேலே குனியவே கூடாது. வெடிக்காமல் கிடப்பதை எடுத்துப் பார்க்கக்கூடாது, வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விட வேண்டும். காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்றுதான் சில வருடங்களாக நேரம் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரமும் பெரியவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டு நின்றால் போதும்.

மேடவாக்கம் மல்லி:

முடிவு செய்தாயிற்று. பையன் மத்தாப்பு பிடிப்பான், பற்றவைப்பது நான். வாளிக்குப் பொறுப்பு அவன். மாமனாருக்கு இதில் திருப்தி இல்லை, "வாளி தூக்கவா பேரன் பெற்றேன்" என்கிறார். சாவிக்கு ஆணி அடித்தாகிவிட்டது. வீட்டுக்காரர் முதல் நாளே பழக்கதோஷத்தில் பாக்கெட்டில் போட, பையன் கேட்டு வாங்கி மாட்டினான்.

கடைசியாக ஒன்று. சிகப்பு வண்டி சார், உங்கள் ஆட்கள் பள்ளியில் செய்துகாட்டும்போது எரிகிற சிலிண்டர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அணைக்கிறார்களே. சமையலறையில் ஒரு சாக்கு வைத்துக்கொள்ளலாமா? ரேஷன் அரிசிச் சாக்கு நிறைய இருக்கிறது.

சிகப்பு வண்டி:

அது பிளாஸ்டிக் இழைச் சாக்காக இருந்தால் தொடவே தொடாதீர்கள், உருகி உங்கள் கையில் ஒட்டும். சணல் சாக்குதான் வேண்டும். மளிகைக் கடையிலோ வெங்காய மண்டியிலோ கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கனமான பருத்திப் போர்வை, நன்றாக நனைத்துப் பிழிந்தது. அதையும் சின்னத் தீக்கு, வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும், பெரியவர் மட்டும். பிள்ளைகள் அந்த நேரம் வேப்பமரத்தடியில் இருக்க வேண்டும்.

அடுப்பு ரிப்பேர் அன்பு:

சணல் சாக்கு என் கடையில் இரண்டு கிடக்கிறது மல்லி அக்கா. மேடவாக்கம் பக்கம் வேலைக்கு வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன், அந்த வெள்ளை மூடி இருக்கிறதா என்று மட்டும் அதற்குள் பார்த்து வையுங்கள்.